நிறுத்தாமல் போனவர்கள்

வண்டியின் வேகம் குறையவே இல்லை.

பக்கக் கண்ணாடியில் அந்தப் பழங்குடிப் பெண் இன்னும் இரண்டு கைகளையும் தூக்கி அசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், முன்மூடி திறந்தபடி ஒரு பழைய கார். கதவோரம் ஒரு சின்னப் பிள்ளை.

பிறகு கானல் மட்டும்.

“நிப்பாட்டுங்கோ,” என்றாள் நேசனின் மனைவி, பக்கத்து இருக்கையிலிருந்து.

நேசன் நிறுத்தவில்லை.

“உமக்கு விசரே? ஆக்களைப் பாத்தனீரே? இவள் கையைக் காட்டுவாள், பத்தைக்குள்ள இருந்து நாலு பேர் வருவாங்கள்.”

அவள் வெளியே பார்த்தாள். ஆஸ்திரேலியப் பாலையின் சிவந்த மண். முழங்காலுக்கு மேல் வளர்ந்த செடி ஒன்றுகூட இல்லை. அடிவானம் வரைக்கும் ஓர் ஆள் ஒளிய இடமில்லை.

“அண்ணை சொல்லுறது சரிதான்,” என்றான் பின் இருக்கையிலிருந்த யோகராசா. நேசனின் கூட்டாளி. அவன் மனைவி வதனி முறுக்கு டப்பாவைத் திறந்து முன்னால் நீட்டினாள்.

நேசன் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

“வெள்ளைக்காரியா இருந்திருந்தா நிப்பாட்டியிருப்பீங்கள்.”

மெல்லும் சத்தம் நின்றது.

“ரோட்ஹவுஸ் வரும். அங்க சொல்லிவிடுறன். போதுமே?”

அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அடிலெய்டிலிருந்து புறப்பட்ட நாள் முதல் அவள் இந்த இருக்கையில்தான் இருக்கிறாள். பெரிய வாகனம், உமக்குச் சரிவராது என்று அவன் சொல்லியிருந்தான்.

ரோட்ஹவுஸ் வந்தது. ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு கடை, ஒரு தண்ணீர்த் தாங்கி. நேசனும் யோகராசாவும் உள்ளே போனார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கு இரண்டு ஐஸ்கிரீம்.

“சொன்னீங்களா?”

“உள்ளுக்குச் சரியான சனம். ஆராவது சொல்லியிருப்பினம். இந்தாரும், உருகுது.”

பம்பில் இவர்களுடையதைத் தவிர வேறு வண்டியே இல்லை.

அவள் ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டாள்.

விருந்துகளில் நேசன் ஒரு கதை சொல்வான். ஊரில், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போகையில், காய்ச்சலில் துவண்ட தாயைத் தோளில் போட்டுக்கொண்டு பரந்தன் ரோட்டில் நின்ற கதை. வாகனம் வாகனமாகப் போனதாம். முன்பின் தெரியாத ஒரு டிரக்டர்காரன் மட்டும் நிறுத்தினானாம். அந்த இடத்தில் நேசனின் குரல் எப்போதும் தழுதழுக்கும். கேட்பவர்கள் சாப்பாட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். எத்தனை முறை கேட்டாலும் அவள் அழுதிருக்கிறாள்.

அழுததையெல்லாம் இப்போது திருப்பிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

நேசன் கழிப்பறைப் பக்கம் போனான். சாவி வண்டியிலேயே இருந்தது.

ஐஸ்கிரீமைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். சாரதி இருக்கையில் ஏறினாள்.

“அக்கா, என்ன செய்யிறீங்கள்?”

“இறங்கிறதெண்டா இறங்கும், வதனி.”

வதனி இறங்கினாள். சுற்றி வந்து முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

யோகராசா இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு கொஞ்சத் தூரம் பின்னால் ஓடி வந்தான்.

பெரிய வாகனம் சொன்னபடி கேட்டது.

அந்தப் பெண் இப்போது கையைக் காட்டவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கார் நிழலில் உட்கார்ந்திருந்தாள். வதனி ஓடிப்போய்த் தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்தாள். பிள்ளை குடித்தது. மூச்சுவிட மறந்து குடித்தது. பிறகுதான் அந்தப் பெண் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள்.

“முதல்ல போனதும் நீங்கள்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வதனி வாய் திறந்தாள். ஓட்டியது யார் என்று சொல்லப் போகிறாள்.

“ஓம்,” என்றாள் அவள், முந்திக்கொண்டு. “நாங்கள்தான்.”

இலையான்கள் மொய்த்தன. அந்தப் பெண் பிள்ளையின் முகத்திலிருந்து அவற்றை ஓட்டினாள்.

“ஏறுங்கோ. பிள்ளைக்கு வெயில் கூடாது.”

“வேண்டாம். என்ர அண்ணனுக்குச் சொல்லிவிட்டிருக்கு. அவன் வருவான்.” கொஞ்சம் பொறுத்து, “உங்கட வண்டியில ஏற மாட்டன்,” என்றாள்.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

அவள் போய்த் தன் வண்டியின் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தாள். அந்தக் கார் நிழலிலேயே, மண்ணில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. நேசன் மேல் மட்டும் என்றால் இதற்குள் ஆறியிருக்கும். அந்த அரை மணி நேரம் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவள் அவள்தானே.

வதனியும் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

ரோட்ஹவுஸ் பக்கமிருந்து ஒரு லொறி வந்தது. மூன்று பெட்டிகளை இழுத்துவரும் நீள லொறி. நிற்க வெகுதூரம் எடுத்தது. ஆனாலும் நின்றது.

பருத்த கிழவர் ஒருவர் இறங்கினார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல், திறந்திருந்த முன்மூடிக்குள் குனிந்தார்.

மற்றக் கதவிலிருந்து நேசன் இறங்கினான்.

வேகமாக நடந்து வந்தான். முகமெல்லாம் வியர்வை.

“உமக்கு என்ன…”

பிள்ளை அவனை நிமிர்ந்து பார்த்தது.

உச்சி வெயில். காரின் நிழல் ஒரு பாயின் அகலம்கூட இல்லை. மூன்று பெண்களும் கால்களை மடக்கிக்கொண்டு அதற்குள் இருந்தார்கள். நேசன் தலையில் கையை வைத்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான்.

அவனுக்கும் இடம் விடலாமா என்பதுபோல் வதனி மெல்ல அவள் முகத்தைப் பார்த்தாள்.

அவள் நகரவில்லை.