சீசரின் கயிறு

"அக்கா, உந்தக் கயித்தை முதல் அவிழுங்கோ!"

படலையைத் திறந்ததும் திறக்காததுமாக விஜிதரன் போட்ட சத்தம் ஜெயபுரத்து ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

கேட்கட்டுமே! அவனுக்கு வந்த ஆத்திரம் அப்படி. கிளிநொச்சியிலிருந்து கொலின்சை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்ததே இந்த நாயைக் காட்டத்தான். கொலின்ஸ் முல்லைத்தீவில் மீன் வாடி வைத்திருப்பவர். வாடிக் காவலுக்கு இரண்டு அல்சேசன் குட்டி வேண்டும். விஜிதரன் வீட்டில் ஆறு குட்டிகள் ஓடித் திரிகின்றன. ஆனால், போன ஈத்துக் குட்டி ஒன்று எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முடிவு என்று மனிசன் ஒற்றைக்காலில் நின்றார்.

"தகப்பன் கண்டியில எடுத்த நாய் அண்ணை. கண்காட்சியில பரிசெடுத்தது. வந்து பாருங்கோ, குட்டி சிங்கம் மாதிரி நிக்கும்" என்று விஜிதரன் வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தான்.

சிங்கம் மாமரத்தடியில் நாலு முழக் கயிற்றில் கட்டுண்டு படுத்திருந்தது.

நேசமலர் கிணற்றடியிலிருந்து கையைத் தட்டிக்கொண்டே வந்தாள். தனி மனிசி. தோட்டத்தில் கச்சான் கடலை போட்டுச் சீவிக்கிறவள். போன வருசம் அவனிடம் குட்டி வாங்கியவள்.

"வாங்கோ தம்பி. இருங்கோ, கதிரை எடுத்துக்கொண்டு வாறன்."

"கதிரை கிடக்கட்டும். ஏன் கையைத் தட்டுறியள்? வளர்த்த நாய்க்கே பயமோ?"

நேசமலர் கொலின்சை ஒருக்கால் பார்த்தாள். "பழகிப்போச்சு தம்பி."

"எவ்வளவு நேரம் கட்டி வைக்கிறியள்?"

"பகல் முழுக்கத்தான். நான் தோட்டத்துக்க நிக்கேக்க அவிட்டு விடேலாது."

"கேட்டியளோ அண்ணை, பகல் முழுக்க! அல்சேசன் ஓடித் திரியிற சாதி அக்கா. தரேக்கையே படிச்சுப் படிச்சுச் சொன்னனான். வளர்க்க வக்கில்லாட்டி வாங்கியிருக்கக் கூடாது. என்ர குட்டியளை நான் கண்டவைக்கும் குடுக்கிறேல்லை. பெத்த பிள்ளை மாதிரிப் பாக்கிறனான்!"

பக்கத்து வளவில் இரண்டு தலைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தன.

நேசமலருக்கு முகம் கறுத்துப்போனது. "பிழைதான் தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

அவன் குரல் கேட்டு நாய் சீசர் எழும்பி, வேலிப் பக்கம் பார்த்து வாலை ஆட்டியது.

"பாருங்கோ அண்ணை, ஆளையே மறந்துபோச்சு!"

கொலின்ஸ் அவன் தோளில் தட்டினார். "நாயில இவ்வளவு இரக்கமுள்ள ஒருத்தரை நான் காணேல்லை தம்பி. எனக்கு இது காணும். ரெண்டென்ன, மூண்டு எடுக்கிறன்." கைத்தொலைபேசி அடிக்க, கதைத்துக்கொண்டு படலைக்கு வெளியே போனார்.

விஜிதரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போகிற போக்கில் இன்னும் நாலு புத்தி சொல்லுவோம் என்று திரும்பினான்.

நேசமலர் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஐயாவுக்கு முன்னால சொல்லக் கூடாதெண்டு இருந்தனான் தம்பி. அதுக்குக் கண் தெரியாது."

"என்ன?"

"ஏழு மாசத்தில மங்கத் துவங்கினது. இப்ப ரெண்டு கண்ணும் இல்லை. எங்கட கிணத்துக்குச் சுத்துக்கட்டும் இல்லை. ரெண்டு தரம் விழப் பாத்தது. அதுதான் கட்டி வைக்கிறனான். பின்னேரத்தில நான் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு குளக்கட்டு வரைக்கும் நடத்திக்கொண்டு போவன். கையைத் தட்டாமல் கிட்டப் போனால் பாவம், திடுக்கிடும்."

விஜிதரன் சீசரின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினான். இமை அசையவில்லை.

"எனக்கு ஏன் அக்கா சொல்லேல்லை?"

"சொன்னால் வேற குட்டி மாத்தித் தருவியள். இதை என்ன செய்வியள்?"

என்ன செய்திருப்பான் என்று அவனுக்கே தெரியும்.

"மிருக வைத்தியர் ஒருமாதிரிக் கேட்டார் தம்பி. தாயும் தகப்பனும் ஒரு வயித்துக் குட்டியளோ, அப்பிடிச் சேர்த்தாலும் இப்பிடி வரும் எண்டு. எனக்கு வந்ததே கோவம்! 'அந்தத் தம்பி அப்பிடிச் செய்யிற ஆளில்லை, தகப்பன் கண்டி நாய்' எண்டு அவரோட சண்டை பிடிச்சிட்டு வந்தனான். உங்கட பேர் கெடக் கூடாதெண்டு இஞ்ச ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. கடிநாய் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

சீசர் மோந்து மோந்து வந்து விஜிதரனின் கையை நக்கியது. கையை இழுத்துக்கொண்டான். நேசமலரின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் படலைக்கு நடந்தான்.

"என்ன தம்பி, மனிசி மன்னிப்புக் கேட்டதோ?" என்று கொலின்ஸ் சிரித்தார்.

விஜிதரன் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கைக்குள் வைத்துப் பிசைந்தான். அதே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்து வீட்டில் நிற்கிற ஆறு குட்டிகளும் கண்ணுக்குள் வந்தன.

"குட்டி வேண்டாம் அண்ணை" என்றான். வரும்போது ஒழுங்கை முழுக்கக் கேட்ட குரல் இப்போது படலையைக்கூடத் தாண்டவில்லை.

"என்ன? கேக்கேல்லை, உரத்துச் சொல்லும்."

வேலிக்கு மேலால் அந்த இரண்டு தலைகளும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் நின்றன. விஜிதரன் உரத்தே சொன்னான்.

"கண்டி நாயுமில்லை, பரிசுமில்லை அண்ணை. தாயும் தகப்பனும் ஒரே ஈத்துக் குட்டியள். தெரிஞ்சுகொண்டுதான் சேர்த்துவிட்டனான்."