கனம் தெரியாத பை

பனியில் நனைந்த மலைப்படிகள் மினுங்குகின்றன. முன்னால் ஏறும் தங்கை புருஷனின் தோளையே தையல்காரர் பார்த்துக்கொண்டு வருகிறார். படுக்கையில் கிடக்கும் தங்கை பிழைத்தெழ, ஆளுக்கொரு கல்லை உச்சிவரை சுமப்பதாக வேண்டுதல். துணியின் இழுப்பு அவர் கண்ணுக்குத் தப்பாது. மாப்பிள்ளையின் பைப்பட்டை சட்டையில் ஒரு சுருக்கம்கூட விழுத்தவில்லை.

“கல்லு கனக்குதா மாப்ள?”

“அவளுக்காகச் சுமக்கிறது மச்சான், கனமே தெரியல.”

மாப்பிள்ளை பையை இறக்கிவைத்துவிட்டு, முகம் கழுவப் படியோரச் சுனையில் குனிகிறான். தையல்காரர் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்க்கிறார். பஞ்சாக எழும்புகிறது. பல்லைக் கடித்தபடி, அடிவாரத்துத் தேநீர்க்கடையை விட்டு இருவரும் கிளம்பியதிலிருந்து தோளை அறுக்கும் தன் பையைப் பிரிக்கிறார். உள்ளே இரண்டு கற்கள், மச்சானும் மாப்பிள்ளையும்போல ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன.