பேசாத பிரின்சி

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த எபனேசர், "பிரின்சி, சோறு போடுறியா?" என்றார்.

கட்டிலில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்துப் படுத்திருந்த மனைவி வாயே திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். எபனேசர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சுகரை வச்சுக்கிட்டு நேத்து புரோட்டா தின்னேன். அதுக்கா கோவம்?"

கடிகார முள்ளோடு அவள் கண் நகர்ந்தது.

"அப்ப வீரபாண்டி கோயில் விஷயமும் தெரிஞ்சுபோச்சா? உன் ஆபரேஷன் அன்னைக்கு, கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறதா நேந்துக்கிட்டேன். சர்ச் கமிட்டியில இருக்கிறவன் செய்யக்கூடாதுதான். பயத்துல வேற வழி தெரியல."

பிரின்சி புஸ்ஸென்று மூச்சை விட்டாள்.

"இருவத்தஞ்சு செகண்டு. நேத்து மதுரை ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாக. இப்படி மூச்சை இழுத்துப் பிடிச்சா, இதயம் இடது மார்பை விட்டுத் தள்ளிப் போயிருமாம். ஸ்கேன்ல அதைப் பாத்துட்டுத்தான், இதயத்துல படாம கேன்சருக்கு ரேடியேஷன் குடுப்பாகளாம்."

"அப்ப கோவமில்லையா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு தடவை பிடிக்கணும். வேற என்னென்ன செஞ்சீகன்னு சொல்லிக்கிட்டே இருங்க."