தூக்குச்சட்டிப் பச்சை

"இது அந்தப் பச்சை இல்ல சார். இன்னும் கொஞ்சம் கறுப்பு சேரணும்."

ஒன்பதாவது தடவையாக இன்ஜினியர் ஷோபனா உதட்டைப் பிதுக்கினாள். நூறு வயதான அந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், அதைவிடக் கொஞ்சம் இளைய மர ரயில்பெட்டி ஒன்றைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். பொங்கல் கழிந்ததும் கரி இன்ஜின் இழுக்க, திருவாரூர் வரை ஓடவேண்டும். அந்தக் காலத்தில் அடித்திருந்த அதே பச்சைதான் வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பழைய பதிவேட்டிலோ 'பச்சை' என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு, எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெட்டியில் ஒட்டியிருந்த கடைசிப் பொருக்கும் சுரண்டும்போது தூளாகிவிட்டது.

பெயின்டர் துரைராசுவுக்கு ஏப்ரலில் ஓய்வு. அவரை வேறொன்று அரித்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் சொன்னது சரியாக இருந்தது.

"ஏன் பாய், இந்தப் பொண்ணுக்கு முப்பது வயசு இருக்குமா? கண்ணால பாக்காத கலரை எப்படி இவ்வளவு கரெக்டா சொல்லுது?" என்று தச்சர் அப்துல் ரஹ்மானிடம் கேட்டார்.

"தெனம் தஞ்சாவூர்லேர்ந்து பாசஞ்சர்ல வருதுல்ல. பூதலூர்ல உங்க வீட்டைத் தாண்டித்தானே வரணும்," என்றார் ரஹ்மான், டீயை ஊதியபடி. "ஜன்னலோரமா உக்காந்தா உங்க கொல்லைக் கதவு நல்லாத் தெரியும்."

துரைராசு டீ கிளாஸைக் கீழே வைத்தார். அந்தக் கதவுக்கு இதே பச்சையை அடித்தவர் அவருடைய அப்பா. அவரும் இதே ஒர்க்‌ஷாப்பில் பெயின்டர். சாப்பாடு கொண்டுபோகும் தூக்குச்சட்டியில் தினம் கொஞ்சமாக, ஒரு மாதம் கடத்திச் சேர்த்த பெயின்ட் அது. எத்தனையோ புயலுக்கும் அசையாமல் நின்றது. அப்பா தப்பித்துப் போய்விட்டார், மாட்டப்போவது மகன். ஓய்வுபெறும் நேரத்தில் விசாரணை, மெமோ என்று ஆரம்பித்தால் பென்ஷன் என்ன கதியாகும்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உப்புத்தாளும் கையுமாகக் கொல்லைக்குப் போனார்.

"முப்பது பொங்கலா நான் கத்துறேன், அந்தக் கதவைத் தொடல. இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி நாகம்மாள்.

"நாள் கிழமைன்னா வீடு பளிச்சுனு இருக்க வேணாமா?"

"அப்ப அடுப்படியையும் அடிங்க."

மரம் தெரியும்வரை தேய்த்தார். கீலுக்குப் பின்னால், நிலையின் இடுக்கில்கூட ஒரு பொட்டுப் பச்சையை விட்டுவைக்கவில்லை. தூளைக் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டார். நீலம் வாங்கிவந்து இரண்டு கோட்டு அடித்தார். மிச்சம் அடுப்படிக்குப் போனது. அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு ருசித்தது.

திங்கள்கிழமை ஷோபனா அவரைப் பெட்டிக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டாள். முகம் வாடியிருந்தது.

"சார், ஒரு கதவு விஷயமா உங்ககிட்டப் பேசணும்."

"எங்க வீட்டுக் கதவு நீலம் மேடம்," என்று துரைராசு முந்திக்கொண்டார்.

"நான் சொல்றது எங்க வீட்டுக் கதவு சார்." அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க தாத்தாவும் இங்க பெயின்டர்தான். சாமி ரூம் கதவுக்கு இந்தப் பச்சையைத்தான் அடிச்சிருந்தாங்க. அதை மனசுல வச்சுத்தான் இத்தனை நாளும் சொல்லிட்டிருந்தேன். இன்னிக்குக் கழட்டிக் கொண்டாந்து பக்கத்துல வச்சே பாத்துடலாம்னு இருந்தேன். நேத்து அம்மா பொங்கலுக்குன்னு ஆள விட்டுச் சுத்தமா தேச்சு, வார்னிஷ் அடிச்சுட்டாங்க."

ஷோபனா இன்னும் கிட்டே வந்தாள்.

"உங்க அப்பாவும் எங்க தாத்தாவும் ஒரே தூக்குச்சட்டியிலதான் மாத்தி மாத்திக் கொண்டுபோனாங்களாம். கட்டைவிரல் அகலம் இருந்தாலும் போதும் சார். உங்க வீட்டுல எங்கயாச்சும் மிச்சம் இருக்குமா?"

துரைராசு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நகக்கண்ணில் இருந்த நீலத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.