முகூர்த்தத்தன்று சாலை மறியல்

சாலையின் குறுக்கே மாட்டு வண்டிகள் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி நின்றன. அந்தப் பக்கம் போக வேண்டிய அஞ்சலாட்சி இந்தப் பக்கம் நின்றாள்.

மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். புருஷன் செத்து ஏழு வருடமான பெண் மஞ்சள் புடவையில் நடுரோட்டில் வந்து நின்றால், இட ஒதுக்கீடு கேட்டுக் கோஷம் போடுகிற தொண்டைகூட அடைத்துப்போகும். அடைத்துத்தான் போனது.

அவளுக்கு ஓரடி பின்னால் கொளஞ்சியப்பன். வேட்டி புதுசு, சட்டை புதுசு. முகம் மட்டும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவன் முகம்.

முகூர்த்தம் ஒன்பது மணிக்குள். கோவில் கள்ளக்குறிச்சி எல்லையில், இன்னும் ஒரு மைல். சித்திரையில் நாள் குறித்தபோது அதே நாளில் மறியல் வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு, தள்ளிப்போடச் சொன்ன கோவில் பூசாரியிடம், பஸ் இல்லாவிட்டால் கால் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

மறியலுக்கு முன்னால் நின்றவர் தெய்வசிகாமணி. அவள் புருஷனுக்குச் சித்தப்பா. ஊர் அவர் சொல்லைத் தட்டாது.

“இன்னா அஞ்சல, இவங்கூடவா போய்க்கினு இருக்க?”

அவ்வளவுதான். கூட்டம் கொளஞ்சியைப் பிடித்துக்கொண்டது.

அவன் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். குடி, சீட்டு, சேவல்கட்டு எல்லாம் பார்த்தவன். ஜீப் நிற்கிற இடமெல்லாம் ஒரு சிநேகிதி என்று சொல்வார்கள். ஊர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். அதை மட்டும் ஊர் நம்பவில்லை.

அஞ்சலாட்சி மலையிலிருந்து சாமையும் கடுக்காயும் வாங்கிவந்து சந்தையில் விற்கிறவள். போக வர அவன் ஜீப்தான். இத்தனை வருடத்தில் அவள் மேல் ஒரு சொல் வந்ததில்லை. மருமகளைத் திட்டுகிற மாமியார்கள் எல்லாரும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றுதான் திட்டுவார்கள். அந்த நல்ல பெயருக்கு அவளைவிட ஊர்தான் அதிகம் சொந்தம் கொண்டாடியது.

அதனால் தீர்ப்புச் சொல்ல ஊருக்கு நேரமே ஆகவில்லை. அவன் மயக்கிவிட்டான். ஜீப்பில் ஏற்றி ஏற்றியே உத்தமியைக் கெடுத்துவிட்டான். ஒருத்தன் அவன் புதுச்சட்டையைப் பிடித்து உலுக்கினான். கொளஞ்சி கையைக்கூட உயர்த்தவில்லை.

தெய்வசிகாமணி கூட்டத்தை அடக்கினார். கெட்டவர் இல்லை.

“கோயிலெல்லாம் இன்னாத்துக்கும்மா? பொழுது சாஞ்சதும் வூட்டுக்குள்ளயே நடுவீட்டுத் தாலி கட்டிப்புடலாம். அவன் மட்டும் இங்கியே ஊரு கால்ல வுழுந்து, நான்தான் மயக்கனேன்னு ஒத்துக்கட்டும். ஒம்பேருக்கு ஒண்ணும் ஆவாது.”

நடுவீட்டுத் தாலி அவர்கள் சாதி வழக்கம். புருஷனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், மேளம் கூடாது. மாப்பிள்ளை கையால் கட்டக்கூடாது, வயதான விதவை ஒருத்திதான் கட்டிவிடுவாள். அஞ்சலாட்சியின் அத்தைக்கு அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அத்தை முன்வரிசைக்கு வந்ததில்லை.

இருந்தாலும், பெரியவர் சொன்னதில் நஷ்டம் என்று எதுவும் இல்லை. கல்யாணமும் நடக்கும், பெயரும் நிற்கும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒத்துக்கொள் என்று பெண்கள் கண்ணாலேயே சொன்னார்கள்.

கொளஞ்சி முந்திக்கொண்டான். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். அவளைப் பார்த்து, பேசாதே என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான். பிறகு சூடேறிக் கிடந்த தாரில் முட்டி போட்டான்.

“தப்பு எம்மேலதாங்க. நான்தான்...”

அஞ்சலாட்சிக்குப் பயமாகத்தான் இருந்தது. சந்தையில் நாலு பேர் நம்பிக் கடன் கொடுப்பது முதல், ராத்திரி யாரும் கதவைத் தட்டாமல் இருப்பது வரை, அவளைக் காப்பாற்றியது அந்தப் பெயர்தான். அது போய்விட்டால் திரும்பாது. ஆனால் அவன் முட்டி தாரில் பட்டதைப் பார்த்ததும் வந்த கோபம் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

எல்லாரும் பார்க்க அவன் கையைப் பிடித்தாள். அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“ஏந்திரிங்க” என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. “வாணாம் அஞ்சல, சொல்லாத” என்று முணுமுணுத்தான். அவள் இழுத்து நிறுத்தினாள். பிறகு பெரியவரை நேராகப் பார்த்தாள்.

“அவுரு ஒண்ணும் மயக்கல மாமா. என்னக் கட்டிக்கிறீங்களான்னு நான்தான் வலியப் போயி கேட்டேன். வாணாம்னாரு. ஒம்பேரு கெட்டுப்பூடும்னு ஜீப்புல ஏத்தறதயே நிறுத்திட்டாரு. நான் வுடல. வெள்ளிமலைக்கு நடந்தே ஏறிப்போயி, மறுபடியும் கேட்டேன்.”

யாரோ ஒருத்தி மாரில் கை வைத்துக்கொண்டாள்.

அஞ்சலாட்சி புடவையைத் தூக்கிச் செருகினாள். வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, அந்தப் பக்கம் குதித்தாள்.

“வாங்க, நாழியாவுது.”