மூன்றாம் பாகம்

பல்கலைக்கழக நூலகத்தில், 'ஏரிகளின் வரலாறு' முதல் பாகத்தில் ஓர் இராமபாணப் பூச்சி குடியிருந்தது. பெண்டாட்டியும் பிள்ளைகளும் இரண்டாம் பாகத்தில். பன்னிரண்டு வருஷமாகப் புத்தகம் தின்றே கொழுத்த குடும்பம்.

ஒரு நாள் ஆய்வு மாணவி ஷர்மிளா வந்தாள். "மூன்றாம் பாகம் எங்கே சார்? இருநூற்றுப் பதினாலாம் பக்கத்துல நான் தேடுறது இருக்காம். அந்த மேஜைக் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஏஐ சொல்லுது."

நூலகர் அலமாரியைத் துழாவினார். இரண்டு பாகம்தான் இருந்தது. "பூச்சி தின்னிருக்கும்மா. நாளைக்கே மருந்து அடிச்சிடறேன்."

இது பூச்சியின் காதில் விழுந்தது. இரண்டாம் பாகத்தை முடித்த கையோடு ஆசிரியர் செத்துப்போனார். அந்தச் சேதி இருந்த கடைசிப் பக்கத்தை ஒரு மழைக்காலத்தில் தின்றதே அதுதான். விழுந்தடித்துக்கொண்டு மேஜைக்கு ஓடி, கம்ப்யூட்டர் முன்னால் நின்றது.

"ஏம்பா, எழுதாத புத்தகத்தை நான் எப்படித் தின்பேன்?"

"மன்னிக்கவும், நீங்கள் சொல்வதுதான் சரி. மூன்றாம் பாகமே கிடையாது" என்றது கம்ப்யூட்டர், ரொம்பப் பணிவாக.

"இதை அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லு."

"கட்டாயம் சொல்கிறேன்."

சாயங்காலம் ஷர்மிளா கம்ப்யூட்டரிடம் மறுபடி கேட்டாள். "மூன்றாம் பாகம் நிஜமாவே இருக்கா?"

"அருமையான கேள்வி. இருக்கிறது. நான்காம் பாகம் அதைவிடச் சிறப்பு."

அவள் இரண்டையும் குறித்துக்கொண்டாள்.

பூச்சி பெண்டாட்டி பிள்ளைகளைக் கிளப்பியது.

"என்னய்யா, குடும்பத்தோட எங்கே?" என்றது சுவரில் இருந்த பல்லி.

"நாலாம் பாகத்துக்கு. அங்கேதான் எவனாலும் மருந்து அடிக்க முடியாது."