பிரித்துப் படிக்கவும்

பாஸ்வேர்டைச் சொல்லு என்றான் அவள் கணவன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.



எட்டு ஸ்பீக்கரிலும் சாமி பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அத்தைதான் போடச் சொல்லியிருந்தாள். நல்ல காரியத்துக்குப் போகும்போது அதுதான் ஓட வேண்டுமாம்.

பாட்டைக் குறைத்தால்தான் சொல்ல முடியும் என்றாள்.

குறைத்தான்.

வண்டிக்குள் இருந்த எல்லோருடைய காதும் இப்போது அவள் பக்கம் வந்துவிட்டது.

நாத்தனாருக்கு முகூர்த்தப் பட்டெடுக்கக் காங்கேயத்திலிருந்து கோவைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண் கோவையில்தான் வேலை பார்க்கிறாள், நேரே கடைக்கு வந்துவிடுவாள். முன்சீட்டில் மாப்பிள்ளையின் அப்பா. நடுவரிசையில் அத்தையும் மாப்பிள்ளையின் அம்மாவும். கடைசி வரிசையில், பழக்கூடையோடு கூடையாக, அவளும் மாப்பிள்ளையின் தங்கை தாரணியும்.

பல்லடம் வரும்வரை அத்தை வண்டியின் பெருமையை அளந்துகொண்டே வந்தாள். பையன் பார்த்துப் பார்த்து வாங்கியதாம். வண்டிக்குள்ளேயே வைஃபை இருக்கிறதாம். நீங்களும் போட்டுப் பாருங்களேன் என்றாள் சம்பந்தியிடம்.

எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள்.

பையன் வாங்கியதாம்.

அவளுடைய நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி என்றார்கள். அவள் அப்பா தலையாட்டினார். பிறகு வைஃபை வைத்த மாடல்தான் வேண்டும், சாதா மாடலில் வந்திறங்கினால் ஊர் சிரிக்கும் என்றார்கள். அதற்கும் தலையாட்டினார். சாதா மாடலுக்கு அவர் உழுதுகொண்டிருந்த மேட்டுக்காடு போனது. வைஃபைக்குக் கிணற்றோடு இருந்த துண்டு போனது.

அவர் அந்த வண்டியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

இன்று காலை மொபெட்டில் வாழைத்தாரோடு வந்தார். வாசலில் கழுவித் துடைத்து நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

சம்பந்தி வீட்டார் உட்காரப்போகிற சீட்டு, மண்ணாகிவிடும் என்றாள் அத்தை. நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள்.

அவர் காலை எடுத்துக்கொண்டார். சிரிக்கவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆனால் அழவில்லை. குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, போனில் வண்டியின் ஆப்பைத் திறந்தாள். வாங்கிய அன்று எல்லோரும் எலுமிச்சம்பழம் நசுக்குவதிலும் போட்டோ எடுப்பதிலும் இருந்ததால், இந்த வேலையெல்லாம் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. அதுவரை பாஸ்வேர்டு அவர்களுடைய கல்யாணத் தேதி.

மாற்றினாள்.

இப்போது ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி விடக் கூடாது என்பதையும் சொன்னாள். ஏ, பி, பி, ஏ. வி, ஐ, டீ, டீ, எச், ஏ. கே, ஏ, ஏ, டி, யு.

தாரணி அடித்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"அப்பாவி... த்த... அப்பாவியாங்க்கா?"

"இல்ல கண்ணு. பிரிச்சுப் படி. அப்பா வித்த காடு."

தாரணிக்கு உடனே வைஃபை கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை. தமிழை இங்கிலீஷில் எழுதினால் ஆளுக்கொரு கணக்கு. வித்த என்பதற்கு ஒரு டீயா இரண்டு டீயா என்றார் மாப்பிள்ளையின் அப்பா. காடு என்பதற்கு எத்தனை ஏ என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, சொல்லிச் சொல்லி அடித்தாள். அப்பா வித்த காடு. தப்பு என்றது போன். மறுபடியும் அப்பா வித்த காடு. தாரணி எட்டி உதவினாள். அப்பா, வித்த, எச் போடுங்கம்மா, காடு.

வண்டி முழுக்க அதுவே ஓடியது. சாமி பாட்டு எப்போதோ நின்றிருந்தது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றையும் காதால் வாங்கினாள். இனித்தது. இவ்வளவு இனிக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

அத்தையின் தலை மட்டும் இப்படி அப்படி அசையவில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இணைந்துவிட்டது. ஆனால் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். அவரும் காடு வைத்திருப்பவர்தான்.

"காடு எந்தப் பக்கமுங்க, மாப்ள?" என்று வண்டி ஓட்டுகிறவனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

அவள் கணவன், முந்தத் தேவையே இல்லாத ஒரு லாரியை முந்தினான்.

வெள்ளகோவில் பக்கம் என்று பின்னாலிருந்து அவள்தான் சொன்னாள். கிணற்றோடு என்றும் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அப்பா தான் உட்கார்ந்திருந்த சீட்டை ஒரு தரம் கையால் தடவிப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. கடைக்காரன் அனுப்பிய பட்டுச்சேலைப் படங்கள் அவளுக்கு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. மாம்பழ மஞ்சளில் ஒன்று, அரக்குக் கரையோடு. அதை அத்தைக்கும் அனுப்பினாள். அங்கே போய்ச் சேரவில்லை. காலையில் மாற்றியதில், டேட்டா போடாத அத்தையின் போனும் அறுந்துபோயிருந்தது.

சம்பந்திக்கும் போட்டுக் கொடு என்று, அத்தையின் கையிலிருந்த போனை மாப்பிள்ளையின் அம்மாவே உருவிப் பின்னால் மருமகளிடம் நீட்டினாள்.

அவள் வாங்கிக்கொண்டாள். பாஸ்வேர்டு கேட்கும் இடம் வரைக்கும் போனாள். விரலை அங்கேயே நிறுத்தினாள்.

"சொல்லுங்கத்தை. நீங்க வாயில சொல்லுங்க, நான் அடிச்சுத் தர்றேன்."